பழைய காருக்கு முதல் வேலை பெயின்ட் அல்ல

அப்பா இளவயதில் ஓட்டிய அம்பாசடரையோ ஃபியட்டையோ மீட்டெடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போவது டிங்கரிங், பெயின்டிங் பட்டறைக்கு. இன்ஜினைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வருகிறது. அதற்குள் யாராவது, “இதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது இன்ஜின் ஏற்றிவிடலாம்” என்று சொல்லியிருப்பார். இந்த வரிசை தவறு. உள்ளே இருப்பது எந்த இன்ஜின் என்று கண்டறிவதுதான் முதல் வேலை. கூடுமானவரை அதையே சீர்செய்வது அடுத்த வேலை.

அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். 1957-இல் அறிமுகமாகி 2014 வரை உற்பத்தியான அந்தக் காரின் வெளித்தோற்றம் அதிகம் மாறவில்லை. பானெட்டுக்கு அடியிலோ 1476 சிசி சைடு வால்வு, பிறகு 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு, டீசல், 1990-களில் 1817 சிசி இசுசு என்று எத்தனையோ மாற்றங்கள். பெட்ரோல் செலவுக்கு அஞ்சி வெளியே டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டிகளும் உண்டு. எனவே தோற்றத்தையும் குடும்பத்தாரின் ஞாபகத்தையும் மட்டும் நம்ப முடியாது. பிளாக்கில் பொறித்த எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜினின் வகை தெரிந்தால் உதிரிபாகத்துக்கும் வழி பிறக்கும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சிசி இன்ஜின் பிரிட்டனின் டிரயம்ப் ஹெரால்டிலும் இருந்தது. 1489 சிசி இன்ஜின் பிஎம்சி பி சீரிஸ் வகை. இரண்டுக்கும் அங்கே இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன.

அசல் இன்ஜினைக் காப்பதையே சட்டமும் வலியுறுத்துகிறது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டி ‘விஏ’ வரிசையில் விண்டேஜ் பதிவு பெறலாம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். வேறு இன்ஜின் ஏற்றுபவர் இந்தத் தகுதியையே பணயம் வைக்கிறார்.

பழைய இன்ஜின் இன்றைய பெட்ரோலுக்குத் தாங்காது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது: 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதால் பழைய வால்வு சீட்டுகள் சீக்கிரம் தேயலாம், எத்தனால் ரப்பர் குழாய்களை அரிக்கும். ஆனால் கடினமான சீட்டுகளைப் பதிப்பதும் குழாய்களை மாற்றுவதும் இன்ஜினையே மாற்றுவதாகாது. ரீபோர் செய்வதும் கிராங்க் சாணை பிடிப்பதும் நம் லேத் பட்டறைகளுக்குப் பழகிய வேலைகள். புகை விடுமே என்றால், விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்ட விதியே அனுமதிப்பதில்லை. செலவுக் கணக்கு மட்டும் நியாயமானது. கைமீறிப் போனால் வேறு இன்ஜினில் ஓட்டுவது குற்றமல்ல, ஆர்.சி.யில் முறைப்படி பதிந்தால் போதும். அப்போதும் அசல் பிளாக்கைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். இன்று பணம் இல்லாததால் நின்ற வேலையை நாளை தொடரலாம். பிளாக் போய்விட்டால் எவ்வளவு பணம் கொட்டினாலும் அதே இன்ஜின் திரும்பாது.