அந்த லேபிளை ஒட்டிய கை

ஏமாந்தவனிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?" ஏமாற்றியவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவன் இந்நேரம் அடுத்த கிடாரைத் தோல் சோபாவில் சாய்த்து வைத்து, சாயங்கால வெயிலில் படம் எடுத்துக்கொண்டிருப்பான்.

பார்த்துத்தான் ஐயா வாங்கினேன். 14 படங்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிப்சன் இஎஸ்-175, இரண்டு பிக்கப், சன்பர்ஸ்ட், 1959. ஜாஸ் கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஜோ பாஸ், ஜிம் ஹால் மடியில் கிடந்த ஜாதி. மேப்பிள் ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்த உடம்பு, உள்ளே வெறும் கூடு, ஒரு பக்கத் தோள் மட்டும் கூராக வெட்டியிருக்கும். 1949-இல் வந்த மாடல். 1957-இல் ஹம்பக்கர் பிக்கப் ஏறிய பிறகு வந்த சில வருடத்துக் கிடார்களுக்குத்தான் இன்று இந்த மவுசு. 9,000 டாலர் கேட்டான். டெட்ராய்ட் பக்கத்தில் 20 வருடம் வேலை பார்த்து, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, ஊருக்கு அனுப்பியது எல்லாம் போக, எனக்கென்று ஒளித்து வைத்த காசு. கொடுத்தேன்.

விளம்பரத்தில் அவன் எழுதியிருந்தது இது: உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளின்படி 1959. அந்த "படி"யில்தான் மொத்த அயோக்கியத்தனமும் உட்கார்ந்திருந்தது. கிடார் 1959 என்று அவன் சொல்லவே இல்லையாம், லேபிள்தான் சொல்கிறதாம். உடம்பில் எஃப் எழுத்து வடிவில் வெட்டிய துளை வழியாகப் பார்த்தால் முட்டை வடிவ ஆரஞ்சு லேபிள், அதில் ஏ என்ற எழுத்தோடு முப்பதாயிரத்துச் சொச்சம் எண். கிப்சன் அந்த வருடம் அப்படித்தான் எண் போட்டது. படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறான் படுபாவி.

பிடிக்காவிட்டால் 48 மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பலாம் என்றும் போட்டிருந்தான். பழைய கிடார் வியாபாரத்தில் அது வழக்கம்தான். அந்த 48 மணி நேரத்தில் ஒரு மனுஷன் என்ன செய்வான்? ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பிரிப்பானா? வாசிப்பான். நான் வாசித்தேன். சோற்றை மறந்து வாசித்தேன். கார்டு சுரங்களை அழுத்தும்போது விரல் ஒன்றோடொன்று இடித்தது. எனக்கு விரல் தடித்துவிட்டது, வயதாகிவிட்டது என்று என்னையே நொந்துகொண்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஐந்து மாதம் கழித்து வால்யூம் கன்ட்ரோல் கரகரத்தது. கூடு கிடாரில் அதைக் கழற்றுவது ஒரு வித்தை. பின்பக்கம் மூடி கிடையாது. திருகு தண்டில் நூலைக் கட்டி, உள்ளே இறக்கி, எஃப் துளை வழியாகக் குழந்தைக்குத் தொண்டையில் சிக்கிய காசை எடுப்பது மாதிரி மெல்ல வெளியே எடுக்க வேண்டும். எடுத்தேன். தகரக் கூட்டில் பொறித்த எண்ணைத் துடைத்துப் பார்த்தேன். 1376627. முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி, 137 என்றால் சிடிஎஸ். அடுத்தது வருடம், 66. கடைசி இரண்டு வாரம், 27. ஆக, 1966 ஜூலையில் செய்த பாகம் 1959 கிடாருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அப்போதும் நான் அவனுக்காகத்தான் வாதாடினேன். நடுவில் யாராவது மாற்றியிருப்பார்கள் என்றேன். மற்ற மூன்றையும் எடுத்தேன். அதே வருடம். ஈயப்பற்றை மறுபடி சுட்ட தடம் ஒன்றில்கூட இல்லை. அதைக்கூட மாற்ற அவன் மெனக்கெடவில்லை. இவன் எங்கே திறந்து பார்க்கப் போகிறான் என்ற துணிச்சல்!

மறு வாரம் இரண்டு மணி நேரம் காரோட்டிக் கலமசூ போனேன். இந்தக் கிடார்கள் பிறந்த ஊர். பார்சன்ஸ் தெரு 225-ஆம் எண் கட்டிடத்தில் 1917 முதல் வேலை நடந்தது. 1984-இல் கிப்சன் அதை மூடி நாஷ்வில்லுக்குப் போய்விட்டது. ஊரை விட்டுப் போக மனமில்லாத தொழிலாளிகள் சிலர் அதே கட்டிடத்தில் மறு வருடம் ஹெரிட்டேஜ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். நான் பார்க்கப் போன பெரியவர் இளம் வயதில் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது வீட்டிலேயே ரிப்பேர் செய்கிறார்.

அவர் லேபிள் பக்கமே திரும்பவில்லை. கம்பிகள் தலையிலிருந்து இறங்கிப் படியும் நட் துண்டின் மேல் வெர்னியரை வைத்தார். 39.7 மில்லிமீட்டர். 1959-இல் அது 43-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 1965 வாக்கில்தான் கழுத்தை ஒல்லியாக்கினார்கள். என் விரல் தடிக்கவில்லை ஐயா! கழுத்துதான் ஒடுக்கம்!

விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சைப் பிடித்தார். பழைய வார்னிஷ் அந்த வெளிச்சத்தில் வெளிறிய மஞ்சள் பச்சையாக மினுங்கும். உடம்பெல்லாம் மினுங்கியது. தலையின் பின்பக்கம் மட்டும் கரியாகக் கிடந்தது, புதுப் பூச்சு. சாதா டார்ச்சைப் படுக்கை வாட்டில் பிடித்ததும், பூச்சுக்கு அடியில் ஆறு இலக்கங்கள் அமுங்கிக் கிடந்தது தெரிந்தது. மூன்றைத்தான் படிக்க முடிந்தது. 1959-இல் இந்த மாடலுக்குத் தலையில் எண் குத்த மாட்டார்கள். அறுபதுகளில் குத்தினார்கள். அதை மக்கு வைத்து அடைத்திருக்கிறான். கொஞ்சம் கீழே, கழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மயிரிழையாக ஒரு கோடு. எப்போதோ ஒடிந்து ஒட்டிய கழுத்து. ஒரே பூச்சில் இரண்டு பொய்.

பல் டாக்டர் கண்ணாடியை எஃப் துளைக்குள் விட்டுக் காட்டினார். 1959 என்றால் உள்ளே பின்பலகையில் எஸ் என்று தொடங்கும் தொழிற்சாலை ஆர்டர் எண் மையில் குத்தியிருக்கும். சுரண்டிய தடம்கூட இல்லை, இருந்தால்தானே சுரண்ட. லேபிளில் இங்க்ஜெட் புள்ளிகள். பிக்கப்புக்கு அடியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்கிற கறுப்பு ஸ்டிக்கர், சில டாலருக்கு விற்கும் நகல். (பிற்பாடு காப்புரிமை எண்ணோடு வந்த அசல் ஸ்டிக்கரிலேயே கிப்சன் போட்ட 2,737,842 பிக்கப்புக்கு உரியதல்ல, கிடார் கலைஞர் லெஸ் பாலின் கம்பிப் பிடிக்கு வாங்கியது. அதற்குச் சிரித்துவிடலாம், யார் காசும் போகவில்லை.)

விற்றவனுக்கு எழுதினேன். லேபிளின்படிதான் சொன்னேன், கெடு முடிந்துவிட்டது என்று இரண்டே வரி. விற்பனைத் தளத்தில் கேட்டால் கெடு. கிரெடிட் கார்டு கம்பெனியிலும் கெடு. எல்லோரும் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், கிடாரை ஒருத்தரும் பார்க்கவில்லை. "இன்னும் எத்தனை நாளைக்குங்க அதையே முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க?" என்று வீட்டில் கேட்கிறாள். பதில் இல்லை.

1966, கழுத்து ஒடிந்து ஒட்டியது என்று சொல்லியிருந்தால் அதற்கு உண்டான விலைக்கு வாங்கியிருப்பேனே! மூன்றில் ஒரு பங்குக்கு மனசாரக் கொண்டாடியிருப்பேனே! நல்ல கிடார் ஐயா அது. அந்தப் பெரியவரே கம்பியை மீட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சொந்த எண்ணை அடைத்து, இன்னொன்றின் பெயரை வயிற்றுக்குள் ஒட்டிவிட்டார்கள். இப்போது எடுத்து வாசித்தால் முதல் சுரத்திலேயே அவன் முகம்தான் வருகிறது, நான் பார்த்தே இராத முகம்.

போன வாரம் விற்றுத் தொலைக்கலாம் என்று விளம்பரம் போட்டேன். 1966, ஒடிந்த கழுத்து, அடைத்த எண், போலி லேபிள், போலி ஸ்டிக்கர், எல்லாவற்றையும் படத்தோடு எழுதினேன். மறுநாள் ஒருவர் கேட்டிருந்தார்: சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், அந்த ஆரஞ்சு லேபிளை மட்டும் கிழித்துவிடாதீர்கள், அதற்குத் தனியாக 300 டாலர் சேர்த்துத் தருகிறேன்.

வெந்நீரில் துணியை நனைத்துக் குச்சியில் சுற்றி எஃப் துளைக்குள் விட்டேன். நல்ல பசையாகத்தான் போட்டிருக்கிறான். ஓரம் கிளம்பவே அரை மணி நேரம் பிடித்தது.