சிங்போங்கா கேட்ட கேள்வி

ஜார்க்கண்டின் நேத்தர்ஹாட் பீடபூமியில் இரும்பு உருக்கி வாழ்ந்தவர்கள் அசுர் பழங்குடியினர். இரவுபகலாக எரிந்த அவர்களின் உலைகளால் நீர்நிலைகள் வற்றின, செடிகொடிகள் கருகின என்கிறது முண்டா மக்களின் தொன்மக் கதை. உலைகளை அணைக்குமாறு சிங்போங்கா என்னும் கதிரவக் கடவுள் பறவைகளைத் தூதனுப்பினார், எவரும் செவிசாய்க்கவில்லை. இறுதியில் சொறிபிடித்த சிறுவனாக வந்து, அவர்களைத் தம் உலைக்குள்ளேயே புகச்செய்து அழித்தார்.

இதனை விந்தைக் கதையென ஒதுக்குதல் பிழை. உலைக்கு எல்லை எதுவென வினவிய பழைய வழக்கு இது. அவ்வுலைகள் அவிந்துவிட்டன. இன்று அதே பீடபூமியைப் பாக்சைட் சுரங்கங்கள் அகழ்கின்றன. கதையில் தண்டிக்கப்பட்டோரின் பெயரைத் தாங்கிய மக்களே நிலமிழக்கின்றனர். களிமண் உலைக்குக் கேட்ட கணக்கைச் சுரங்கத்திடமும் கேட்பதே நீதி.