மக்கள் தொடர்பு கடைத்தெரு வரை வர வேண்டும்

பெரிய மாநகராட்சிகளில் மக்கள் தொடர்பு அலுவலர் என்று ஒரு பதவி உண்டு. மேயர் கலந்துகொண்ட விழா, பூங்கா திறப்பு, புதிய குப்பை வண்டிகள் ஆகியவற்றின் செய்தியும் படமும் பத்திரிகைகளுக்குத் தவறாமல் வந்து சேருகின்றன. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் மக்கள் தொடர்பு என்பது இவ்வளவுதானா? வரி கட்டுபவரிடம் முன்கூட்டிச் சொல்வது, அவர் சொல்வதைக் கேட்பது, எடுத்த முடிவுக்குக் காரணம் கூறுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே மக்கள் தொடர்பு.

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை 2018 ஜூன் 5 அன்று அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. தடைப் பட்டியலில் 14 வகைப் பொருட்கள். பாலிதீன் பை கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பார்ப்பதற்குத் துணி போலவே இருக்கும் 'நான் ஓவன்' பையும், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் அதே பட்டியலில் உள்ளவை. பாலிதீனுக்கு மாற்று என்று நம்பி நான் ஓவன் பையைக் கட்டுக் கட்டாக வாங்கி வைத்த மளிகைக் கடைக்காரர், அதுவும் தடைப் பொருள் என்பதை அபராத ரசீதில்தான் அறிய நேர்ந்தால் அது யார் குறை? பொருட்களின் படத்தோடு ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கடைக்குக் கடை கொடுத்திருந்தால் அவர் முதல் தப்பியிருக்கும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் மக்களிடம் எளிதில் சென்றதற்குக் காரணம், எது கூடாது என்பதோடு நில்லாமல் எதை எடுத்துவர வேண்டும் என்றும் அது சொன்னதுதான்.

சொத்துவரியை அரையாண்டின் தொடக்கத்திலேயே, அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31 ஆகிய நாட்களுக்குள் செலுத்தினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. வரி நிலுவைக்கு வரும் எச்சரிக்கை நோட்டீஸ் போல, இந்தச் சலுகைக்கான அறிவிப்பும் கடைவாசல் வரை வர வேண்டாமா?

இவை சலுகையாகக் கேட்பவை அல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, பொதுமக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அவை தொடர்பான விவரங்களை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. பாதிக்கப்படுபவருக்குக் காரணம் கூற வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. யாரும் மனுப்போட்டுக் கேட்கக் காத்திருக்கத் தேவையில்லை.

கேட்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெறத் தொடங்கின. ஆனால் அதில் உறுப்பினராக இருப்பவர் அப்பகுதியின் வாக்காளர். கடை ஒரு வார்டிலும் வீடு வேறொரு வார்டிலும் இருக்கும் வணிகருக்கு, தாம் வரி கட்டும் கடைத்தெருவைப் பற்றிப் பேச அங்கே உரிமை இல்லாமல் போகிறது. சாக்கடை கட்டத் தோண்டுவதும், சாலையை ஒருவழிப் பாதையாக்குவதும் அவர் பிழைப்பை நேரடியாகத் தொடும் விஷயங்கள். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் பழகிவிட்டால் திரும்பி வருவது அரிது.

ஆகவே உள்ளாட்சி நிர்வாகங்களிடம் நாம் கேட்பது மூன்று. கட்டணமோ விதியோ மாறும்போது எளிய தமிழில் ஒரு பக்க அறிவிப்பை வணிகர் சங்கத்துக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். கடைத்தெருவில் பணி தொடங்குமுன் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் பலகையில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வணிகர்களை அழைத்துப் பேசுங்கள்.

சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. வந்த அறிவிப்பைப் பலகையில் ஒட்டுவதோடு நில்லாமல், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். முன்னறிவிப்புக்குச் செலவாவது சில ரீம் காகிதம்தான். அது இல்லாததால் வரும் நட்டத்தையோ, ஒவ்வொரு சிறு கடையும் தன் கல்லாவிலிருந்து கட்டுகிறது.