கொலைஞனுக்குப் பெயர், கொலையுண்டோருக்கு?

1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைத் தந்த நாள்முதல் நம் வீட்டுத் திண்ணைகளில் சாகச வீரர்களுக்கு இடமுண்டு. இன்றோ அத்தகையோர் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டனர். அவ்வரிசையில் 2018இல் வெளிவந்தது ‘பேட்மேன்: காத்தம் பை கேஸ்லைட்’ என்னும் கார்ட்டூன் படம். விக்டோரியா அரசியின் காலச் சூழல். மங்கிய விளக்கொளியில் ஒரு நகரம். பெண்களைக் கொன்று திரியும் ஒருவன். அவனைத் தேடும் வௌவால் வேட வீரன்.

“கார்ட்டூன்தானே, பிள்ளைகள் பார்க்கட்டும்” என்பார் சிலர். “இரத்தம் தெறிக்கிறது, தடை செய்யுங்கள்” என்பார் வேறு சிலர். அது சிறுவர்க்குரிய படமன்று என்பது மெய்யே. ஆயினும் இரத்தத்தினும் அஞ்சத்தக்கது ஒன்று அதில் உண்டு. கொலைஞன் யார்? சட்டத்தைக் காக்க வேண்டிய காவல் அதிகாரியே! அவன் தன்னைப் பாவியெனக் கருதவில்லை. பாவப் பெண்களை அகற்றி நகரைத் தூய்மைப்படுத்துவதாகவே நம்புகிறான். தொண்டு புரியும் அருட்சகோதரியும் அவன் கத்திக்குத் தப்பவில்லை.

இக்கதையின் வேர் வரலாற்றில் உள்ளது. 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை இலண்டனின் ஏழையர் வாழ்ந்த ஒயிட்சேப்பல் வட்டாரத்திலும் அதன் அண்மையிலும் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டனர். கொலைஞன் அகப்படவேயில்லை, ஆனால் ‘ஜாக் தி ரிப்பர்’ என்னும் அவனது பட்டப்பெயரை உலகமே அறியும். மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்டிரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி ஆகிய பெயர்களை அறிந்தோர் எத்தனை பேர்? ஐவரையும் விலைமாதர் என்றே உலகம் ஒதுக்கியது. அவர்களுள் மூவர் அத்தொழிலில் இருந்தமைக்குச் சான்றே இல்லை என வரலாற்றாசிரியர் ஹாலி ரூபன்ஹோல்டு 2019இல் எடுத்துரைத்தார். அப்படியே இருந்திருந்தாலும் அவர்கள் இறைச்சாயல் அல்லரோ?

தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பங்களாக உள்ளன. அவற்றின்கீழ்ப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வண்ணாரும் குயவரும் அவ்வரிசையில் உண்டு. எளியோர் பெயரையும் கல்லிலே காத்த மண் இது. நாமோ, அண்டை வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல், “அவள்தானே” என்கிறோம். இரவுப்பணி முடித்துத் திரும்புகிறவள், கணவனால் கைவிடப்பட்டவள் ஆகியோரைப் பற்றிக் கோயில் வாசலிலேயே தீர்ப்பு எழுதுகிறோம். கத்தி ஏந்தவில்லை என்பது மட்டுமே நமக்கும் அவனுக்கும் உள்ள வேற்றுமை.

“பாவத்தைப் பாவமென்று சொல்லலாகாதா, சாமி?” எனக் கேட்பீர்கள். சொல்லலாம். யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் ஆண்டவரும் அப்பெண்ணிடம் இனிப் பாவம் வேண்டாமென்றார். ஆனால் எப்போது? கல்லேந்தியவர் யாவரும் அகன்ற பின்னர், தாம் அவளைத் தண்டிப்பதில்லை என்று உறுதியளித்த பின்னர். அந்த வரிசையை மாற்ற நமக்கு உரிமையில்லை.

பெற்றோரே, உங்கள் வளர்ந்த பிள்ளைகள் இப்படத்தைப் பார்த்தால் சினந்து பயனில்லை. கொலையுண்ட பெண்களின் பெயர்களை அவர்களுக்குச் சொல்லுங்கள். பின்னர், உங்கள் தெருவில் நீங்கள் பெயர் சொல்லி அழைக்கத் தயங்கும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சென்று, அவளைப் பெயர் சொல்லி அழையுங்கள்.