மாநகரத் தேனீக்களின் நலன் குறித்த கோரிக்கை மனு

பெறுநர்:
கனம் ஆணையர் அவர்கள்,
கோயம்புத்தூர் மாநகராட்சி.

அனுப்புநர்:
இந்நகரில் வீட்டுத்தோட்டமும் இயற்கை முறைத் தேனீ வளர்ப்பும் நடத்திவரும் சங்கத்தார்.

பொருள்: தேனீக்களுக்கு இரை தரும் மரஞ்செடிகளை நகரில் நடுவது, பெருந்தேனீக் கூடுகளைத் தீயிட்டு அழிப்பதைத் தடுப்பது, கொசு ஒழிப்புப் பணியில் தேனீக்களுக்குப் பாதுகாப்பு அளிப்பது ஆகியவை குறித்து.

ஐயா,

தேனீ வளர்ப்போர் அரசாங்கத்தாரிடம் விண்ணப்பம் செய்துகொண்டால் மானிய விலையில் பெட்டி கேட்பார்கள் என்று எண்ணுவது இயல்பு. நாங்கள் பெட்டி கேட்டு வரவில்லை. பெட்டியை உள்ளூர்த் தச்சரிடம் செய்துகொள்ளலாம். கொட்டாத கொசுத்தேனீக்கு ஒரு மண்பானையோ மூங்கில் துண்டோ போதும். ஆனால், பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீ சாதாரணமாக ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் கொசுத்தேனீ சில நூறு மீட்டருக்குள்ளும் இரை தேடுகின்ற ஜீவன்களாகையால், அந்த எல்லைக்குள் பூ இல்லாதபோது, வளர்ப்பவர் எவ்வளவு சிரத்தையுள்ளவராயிருப்பினும், சர்க்கரைப்பாகு வைத்து அவற்றின் பிராணனைப் பிடித்து நிறுத்துவதைத் தவிர வேறு வழியற்றவராகிறார். அவ்வெல்லைக்குள் அடங்கும் பூங்காக்களும் சாலையோர மரங்களும் குளக்கரைகளும் தங்கள் நிர்வாகத்தின் கீழ் இருப்பதனாலேயே இம்மனுவைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவந்தோம்.

இத்தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் பாதிரியார் நியூட்டன் நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்ப அமைத்த சிறு பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது; 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய கிராமப் புனருத்தாரணப் பணியில் தேனீ வளர்ப்பு ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு ஜீவனோபாயமாயிற்று. பிறகு 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவிப் புழுக்களைக் கொன்று பெட்டிகளைக் காலியாக்கிய துயரத்தைப் பழைய வளர்ப்பாளர்கள் இன்னும் மறக்கவில்லை. அடையைத் தேனீக்களே தம் விருப்பப்படி கட்ட விடுவதும், மழைக்காலத்துக்கு அவை சேமித்த தேனில் கை வையாதிருப்பதும், கூட்டினுள் மருந்து இடாதிருப்பதும், வெளியூர் இனங்களைக் கொணராமல் இம்மண்ணின் தேனீக்களையே பேணுவதும் எங்கள் முறை. தேன் குறைவாகத்தான் கிடைக்கும். எனினும் கூட்டம் தன் பலத்தில் நிற்பதே எங்கள் நோக்கம்.

இனி, பூவைப் பற்றிய எங்கள் முதன்மையான கோரிக்கையைச் சொல்கிறோம். கோடையில் இந்நகரத்துத் தேனீக்களுக்குப் பூப்பஞ்சமில்லை. வேம்பும் புங்கும் நாவலும் புளியும் அடுத்தடுத்துப் பூக்கின்றன. அதன்பின் வரும் மழை மாதங்களே அவற்றுக்குச் சோதனைக் காலம். அப்போது அவற்றைக் காப்பாற்றக்கூடியவை ஆண்டு முழுவதும் பாளை விடும் தென்னையும், ஆண்டில் ஒரு தடவைக்கு மேல் பூக்கும் முருங்கையும், துளசியும், களையென்று நாம் பிடுங்கி எறிகின்ற தும்பையுமே ஆகும். அழகை மாத்திரம் உத்தேசித்து நகரங்களில் இக்காலத்தில் நடப்படும் செடிகளிலோ, இதழ் அடுக்கடுக்காகப் பெருகி மகரந்தமும் தேனும் குன்றிப்போன கலப்பின மலர்களும், பூப்பதற்கு முன்பே கத்தரித்துவிடப்படும் வேலிச்செடிகளும் மிகுதியாக உள்ளன. கண்ணுக்குப் பசுமையாகத் தோன்றும் அவ்விடம் தேனீக்குப் பாலைவனமே. ஆதலால், வ.உ.சி. பூங்கா முதல் வார்டுகளின் சிறு பூங்காக்கள் வரையிலும், உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர் முதலான குளங்களின் கரைகளிலும் இனி நடப்படும் மரஞ்செடிகளைப் பூக்கும் மாதத்தை அனுசரித்துத் தேர்ந்தெடுத்து, ஆண்டில் எந்த மாதமும் பூவின்றிக் கழியாதவாறு ஒரு நடவுப் பட்டியல் வகுக்குமாறு வேண்டுகிறோம். இந்நகரிலேயே உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் அறிஞர்களின் ஆலோசனையை இதற்குப் பெறலாம்.

இது தேனுக்காக மட்டும் கேட்பதன்று. பூசணி, புடல், பாகல் ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வேறு வேறாக இருப்பதால், தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். தக்காளியும் கத்தரியும் நன்கு காய்ப்பதற்கோ, பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்த்து மகரந்தத்தை உதிர்க்கவல்ல கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பெரிதும் துணை புரிகின்றன. பெட்டியில் அடங்காத இத்தகைய தனித்தேனீக்கள் வெற்று மண்ணிலும் பட்ட கிளையிலும் முட்டையிடுபவை. பூங்காக்களில் ஒரு மூலையேனும் சிமெண்டுத் தளமும் மண்வெட்டியும் படாமல் விடப்பட வேண்டும்.

பெருந்தேனீ விஷயத்தில் எங்கள் மனம் மிகவும் நொந்திருக்கிறது. உயர்ந்த கட்டடங்களின் விளிம்பிலும் நீர்த்தொட்டியின் அடியிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் இக்கூட்டங்கள், பூக்காலத்தில் வந்து, அது முடிந்தபின் தாமாகவே வேறிடம் பெயர்ந்து செல்பவை. இதை அறியாத குடியிருப்போர் அஞ்சி, இரவில் தீப்பந்தம் பிடித்தோ பூச்சிமருந்து அடித்தோ ஆயிரக்கணக்கான உயிர்களை ஒரே நாழிகையில் மாய்த்துவிடுகின்றனர். பெருந்தேனீயால் அபாயமே இல்லையென்று நாங்கள் வாதிக்கவில்லை. கலைக்கப்பட்ட கூட்டம் மனிதரின் உயிரையே வாங்கியதும் உண்டு. ஆயினும், கல்லெறியும் புகையும் தீண்டாதவரையில் அது பொதுவாக யாரையும் தேடிச் சென்று கொட்டுவதில்லை. கூடு கட்டிய இடத்தை மறித்து அறிவிப்பு வைத்துச் சில மாதம் பொறுத்திருப்பதே பெரும்பாலும் போதுமானது. பள்ளி, மருத்துவமனை போன்ற பொறுத்திருக்க இயலாத இடங்களில், பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்டு கொல்லாமல் அகற்றுவதற்கு ஒரு சிறு குழுவைத் தாங்கள் அமைத்து, பொதுமக்கள் அழைப்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணையும் அறிவிக்க வேண்டும். அக்குழுவுடன் ஊதியமின்றி உழைக்க எங்கள் அங்கத்தினர் சித்தமாயிருக்கின்றனர்.

கொசு ஒழிப்பு ஜனங்களின் ஆரோக்கியத்துக்கு இன்றியமையாதது. அதை நிறுத்தச் சொல்வது எங்கள் கருத்தன்று. தேங்கிய நீரை அகற்றிக் கொசுப்புழுவை ஒழிப்பதை முதல் வேலையாகக் கொண்டு, புகைமருந்தை நோய் கண்ட இடங்களில் மட்டும், தேனீக்கள் கூடு திரும்பிய பின், அந்திக்கு மேல் அடிக்குமாறும், பெட்டியின் வாயிலை மூடிவைக்க அவகாசம் கிடைக்கும்படி முந்தின நாளே தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

மாடியில் அடுக்குத்தேனீயோ கொட்டாத கொசுத்தேனீயோ வைத்திருப்பது அதன் அளவில் ஒரு தொல்லையாகாது என்று வார்டு அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், அண்டைவீட்டார் சச்சரவுகள் பலவும் தீரும்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்று விதித்திருப்பதால், மேற்கண்ட கோரிக்கைகளை அக்குழுவின் முன் வைத்து, எங்கள் பிரதிநிதிகளையும் அழைத்துக் கேட்டு, வரும் மழைக்கால நடவு தொடங்குமுன் தக்க உத்தரவுகள் பிறப்பிக்குமாறு தங்களை மிகவும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் அங்கத்தினர்கள்.