வில்லின் மேல் பழி

எம்மிடம் பௌதிகம் பயின்று இப்பொழுது இங்கிலாந்திலே தொழில் புரியும் பழைய மாணாக்கர் ஒருவர் சென்ற மாதம் எமக்கொரு மடல் விடுத்திருந்தார். 1972ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அவர் ஆசையோடு வாங்கியிருக்கிறார். மழைநாளொன்றில் மனைவியோடு செல்கையில், மேடுபள்ளமான வளைவொன்றிலே காரின் பின்பக்கம் தத்தித் தத்தி வீதியின் மறுபக்கத்துக்கே ஒதுங்கிவிட்டதாம். தெய்வாதீனமாக எதிரே வாகனம் எதுவும் வரவில்லை. அன்று முதல் மனைவியார் அக்காரில் ஏறுவதில்லை. கராச்காரரோ பழையவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, பந்தயக் கார்களுக்குரிய குட்டையான, கடினமான ஸ்பிரிங்குகளைப் பூட்டவேண்டும் என்கிறாராம். "சேர், அப்படியே செய்யலாமோ?" என்பது கேள்வி.

இதற்கு விடை கூறுமுன் எமது குற்றமொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எம்மிடம் பழைய மொறிஸ் மைனர் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அது பின்புறம் தூக்கித் தூக்கிப் போடலாயிற்று. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதென்று நாமே தீர்ப்புக் கூறி, பின்புறத்தில் மேலும் ஒவ்வொரு பிளேட் சேர்ப்பித்தோம். ஆட்டம் குறையவில்லை, முன்னிலும் விரைவாக ஆடியது. ஈற்றில் முதிய மெக்கானிக் ஒருவர் சொக் அப்சோபரின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு துளி எண்ணெய்தானும் இல்லை. "வில்லைப்பற்றிய பாடம் பிள்ளைகளுக்கு மாத்திரந்தானோ?" என்று இல்லாள் கேட்டபோது எமக்கு மறுமொழி இருக்கவில்லை.

வில்லின் இயல்பை றொபேட் ஹூக் 1678ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். எவ்வளவு விசையோ அவ்வளவு நீட்சி. ஆனால் வில் தான் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனை அழிக்க அதற்குத் தெரியாது. எண்ணெயைச் சிறு துளையினூடே நெருக்கித் தள்ளி, அச்சக்தியை வெப்பமாக்கித் தணிப்பது சொக் அப்சோபரின் தொழில். வில்லை நான்கு மடங்கு கடினமாக்கினால் ஆட்டத்தின் வேகம் இரு மடங்காகும். பழைய சொக் அப்சோபரின் அடக்கும் ஆற்றலோ அதற்கு ஒப்பிடுகையில் பாதியாகும். பந்தயத் திடல் வழுவழுப்பானது. பொது வீதியிலோ கடினமான வில் சக்கரத்தைப் பள்ளத்தினுள் இறங்கவிடாது தூக்கிவிடுகிறது. தரையைத் தொடாத ரயரினால் திரும்பவும் இயலாது, பிறேக் பிடித்து நிற்கவும் இயலாது.

ஆகவே மாணாக்கருக்கு நாம் எழுதியது இதுவே. காசைக் கையில் எடுக்குமுன் அளவுகோலை எடும். சமதரையில் காரை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலேயுள்ள மட்காட்டின் விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்து பாரும். இடமும் வலமும் வேறுபட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். மாற்றுவதாயின் இரண்டையும் சோடியாக, பழைய அளவிலேயே மாற்றும். அடுத்து ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விடும். ஒருமுறை எழுந்து அடங்கினால் நன்று. மேலும் ஆடினால் சொக் அப்சோபரிற் பிழை. எண்ணெய் கசிந்தால் வெறுமனே ஊற்றி நிரப்புவது போதாது, அதனைப் புதுப்பிக்கவேண்டும். எம்.ஜி.பி.யிலும், எமது மைனரிலும், முன்புறச் சொக் அப்சோபரின் கையே சக்கரத்தைத் தாங்கும் மேற்கையுமாகும். அதன் அச்சுத் தேய்ந்தால் சக்கரமே தளம்பும்.

இறப்பர் புஷ்களையும் மறவாதீர். அவை நைந்துபோனால் எந்த ஸ்பிரிங்கும் தன் இடத்தில் நில்லாது. 1973ஆம் ஆண்டு வெளிவந்த வி8 காருக்கென அமைந்த, உலோகக் குழலோடு ஒட்டிய இறப்பர் புஷ் முன்புறத்தின் கீழ்க்கைக்கு நன்கு பொருந்தும். பொலியூரித்தேன் புஷ் நெடுங்காலம் உழைக்கும். ஆயின் வீதியின் அதிர்ச்சியைக் கூடுதலாக உள்ளே கடத்தும்.

சிறு மாற்றமும் ஒரு காரின் குணத்தைக் கெடுக்கும் என்பதற்கு இதே காரின் வரலாறு சான்று. 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்டது எம்.ஜி.பி. அமெரிக்க விதிகளுக்கு இணங்க 1974இன் பிற்பகுதியில் அதன் உடலை ஓர் அங்குலம் உயர்த்தினார்கள்; பாரமான பம்பர்களையும் பூட்டினார்கள். வளைவிலே உடல் சரியாதபடி முன்புறத்தில் இருந்த தடுப்புத் தண்டையும் செலவைக் குறைக்கும் பொருட்டு 1975ஆம் ஆண்டு மாதிரியில் நீக்கினார்கள். நல்ல கார் வளைவுகளிலே தள்ளாடலாயிற்று. 1977ஆம் ஆண்டு மாதிரியில் பின்புறத்துக்கும் ஒரு தண்டு கொடுத்து, அமைப்பைத் திருத்திய பின்னரே அக்குறை ஓரளவு தீர்ந்தது. பொறியியலாளர் பலர் சேர்ந்து இணக்கிய சமநிலையை, கடினமான ஸ்பிரிங் நான்கினை வாங்கி நாம் மேம்படுத்திவிடலாம் என எண்ணுவது துணிச்சலே.

இவ்வாரம் மறுமடல் வந்தது. பின்புறச் சொக் அப்சோபர் ஒன்று வறண்டு கிடந்ததாம். புஷ்கள் விரலாற் கிள்ளவே உதிர்ந்தனவாம். பின்புற ஸ்பிரிங் ஒன்று முக்கால் அங்குலம் தளர்ந்திருந்தமையால் அச்சோடியை மாத்திரம் பழைய அளவிலேயே மாற்றினாராம். கராச்காரர் கேட்ட தொகையிற் பாதிகூடச் செலவாகவில்லை. அதே வளைவிலே மழையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது கார் தன் வழியே சென்றதாம்.

மனைவியார் மாத்திரம் இன்னும் ஏறவில்லையாம். அதற்கு என்ன செய்வதென்றும் எம்மைக் கேட்டிருக்கிறார். அந்தப் பாடம் எமது பாடத்திட்டத்தில் இல்லை. அவரைத் தனியே விட்டு, இன்னும் சில மழைநாள்கள் பத்திரமாக ஓட்டிக் காட்டும்படி எழுதியிருக்கிறோம்.