பெட்டியை மாற்றினால் பிழை மாறுமா?

கல்முனை பஸாரிலும், சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று பிரதான வீதிகளிலும் கணினியில் பில் போடும் கடைகள் பெருகிவிட்டன. பில் கணினி, களஞ்சியக் கணக்கு, கார்ட் இயந்திரம், சீ.சீ.ரி.வி. கமரா ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைப்பது மூலையில் கிடக்கும் ஒரு சிறிய பெட்டியாகும். அதுதான் நெட்வேர்க் சுவிட்ச். நோன்புப் பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் அது முடங்கினால் கடையே முடங்கிவிடும்.

அப்போது நாம் செய்வதென்ன? மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போடுகிறோம். வேலை செய்கிறது. சில நாட்களில் மீண்டும் அதே கோளாறு. மூன்றாம் முறை புதிய பெட்டி வாங்குகிறோம். அதிலும் அதே பிழை தலைகாட்டுகிறது. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததன் பின்னர் இத்தகைய இறக்குமதிப் பொருட்களுக்கு நாம் கொடுக்கும் விலையை நினைத்தால், இது வெறும் வீண்விரயமாகும்.

ஓரளவு தரமான சுவிட்ச்கள் தமது கோளாறைத் தாமே பதிவு செய்கின்றன. அந்தச் செய்திகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. மின்விசிறி, வெப்பநிலை, மின்வழங்கி பற்றிய எச்சரிக்கைகள் பெட்டியையும் அது இருக்கும் இடத்தையும் பற்றியவை. நினைவகப் பிழை ஒரு தடவை தோன்றி மறைந்தால் கவனித்துக் கொண்டிருக்கலாம்; திரும்பத் திரும்ப வந்தால்தான் பாகத்தை மாற்ற வேண்டும். ஆனால் 'சி.ஆர்.சி.' எனப்படும் பிழை வேறு. தகவல் பொதி ஒவ்வொன்றின் இறுதியிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். வந்து சேரும்போது கணக்குப் பிழைத்தால் சுவிட்ச் அப்பொதியை ஒதுக்கிவிட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். இதற்குப் பெரும்பாலும் காரணம் கேபிள், அதன் முனை அல்லது மறுமுனையிலுள்ள கருவி. பெட்டியை மாற்றி என்ன பயன்?

எமது கரையோரத்துக்கென்றே சில காரணங்களும் உண்டு. உப்புக் காற்று கேபிள் முனைகளை அரிக்கிறது. ஏப்ரல், ஒக்டோபர் மாத இடிமின்னல், இரு கட்டடங்களுக்கிடையே வெளியே இழுத்த செம்புக் கேபிள் வழியே உள்ளே வருகிறது. அந்த இடத்தில் ஃபைபர் போட்டால் அவ்வழி அடைபடும். மின்சாரம் நின்று வரும் ஒவ்வொரு தடவையும் மின்வழங்கி அடிபடுகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதுமே இருளில் மூழ்கியது. இவ்வளவுக்கும் பின்னர் எத்தனை கடைகளில் 'எர்த்' ஒழுங்காகச் சோதிக்கப்பட்டிருக்கிறது?

மலிவு கேபிளும் ஒரு பொறிதான். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் பார்வைக்குச் செம்பாகவே தெரியும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை வெளிப்படும். அலுமினியம் செம்பைவிட மின்னைக் குறைவாகவே கடத்தும், இலகுவில் முறியும். எந்தச் செம்புக் கேபிளும் 100 மீற்றருக்கு மேல் போகக் கூடாது என்பதையும் மறந்துவிடுகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன் பிழைச் செய்தியைப் படம் பிடித்து வையுங்கள். பல சுவிட்ச்களில் அணைத்தவுடன் பதிவுகள் அழிந்துவிடும். பெட்டியின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். இல்லையேல் பிழை எப்போது வந்தது என்றே தெரியாது. ஒரு கொப்பியில் திகதி, நேரம், மழையா மின்வெட்டா என்பதையும் எழுதுங்கள். பின்னர் அதே கேபிளை வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். பிழை கேபிளோடு கூடவே போனால் குற்றம் கேபிளிலோ மறுமுனையிலோ. பழைய துளையிலேயே நின்றால் குற்றம் பெட்டியில். அப்போது அந்தக் கொப்பியே உத்தரவாதம் கோருவதற்கும் சாட்சியாகும்.

பெட்டியை மாற்றித் தருபவருக்குத் தாராளமாகக் கொடுக்கும் நாம், காரணத்தைத் தேடி அரைநாள் செலவிடும் தொழில்நுட்பவியலாளரிடம் கூலியைக் குறைக்கப் பேரம் பேசுகிறோம். எமது இளைஞர்களும் அதனால்தான் காரணம் தேடுவதை விட்டுவிட்டுப் பெட்டி விற்கப் பழகுகிறார்கள். காரணம் கண்டுபிடிப்பதற்கும் ஒரு விலையுண்டு என்பதை வர்த்தக சமூகம் ஏற்றுக்கொண்டால், அடுத்த பெருநாளைக்காவது கடையில் வரிசை நகரும்.